டவுன்காரி மூக்கு

எங்கள் வீட்டில் காட்டுப்பன்னிக் கறி என்றாலே இரண்டு கட்சி. அப்பாவுக்கு அது வாசனை. அம்மாவுக்கு நாற்றம். "மூத்திர வாடை வருதுங்க" என்பார் அம்மா. "டவுன்காரிக்கு எல்லாமே நாறும்" என்பார் அப்பா. அவர் பந்திங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். அம்மா கிள்ளான் பட்டணத்தில் வளர்ந்தவர். அதனால் இது ஒருநாளும் மூக்கு விவகாரமாகப் பேசப்பட்டதில்லை. தோட்டத்து ஆளை யார் கேவலமாகப் பார்க்கிறார் என்பதில் போய்த்தான் முடியும்.

நாங்கள் இருப்பது பண்டமாரானில். அவசரகாலத்தில் உருவான சீனப் புதுக்கிராமம். விடிந்ததும் பாக்குத்தே கடைகளில் பன்றி எலும்பு கொதிக்கத் தொடங்கிவிடும். அம்மா அதைத் தாண்டித்தான் தினமும் மார்க்கெட்டுக்குப் போகிறார். ஒருநாளும் மூக்கைப் பொத்தியதில்லை. அப்படியானால் பன்றிதான் பிரச்சினை என்று எப்படிச் சொல்வது?

பதில் கொழுப்பில் இருக்கிறது. பருவம் வந்த ஆண்பன்றியின் விதையில் ஆண்ட்ரோஸ்டினோன் என்ற பொருள் சுரந்து, கொழுப்பில் போய்ச் சேரும். பண்ணைகளில் குட்டியிலேயே காயடித்துவிடுவார்கள், இல்லாவிட்டால் முற்றுவதற்குள் வெட்டிவிடுவார்கள். காட்டில் அதற்கு ஆளில்லை. செம்பனைப் பழத்தைத் தின்று கொழுத்த கிழட்டு ஆண் கிடைத்தால் வாடை நிச்சயம்.

ஆனால் எல்லாருக்கும் அது நாறாது. 2007இல் ராக்கபெல்லர், டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கான மரபணு ஒன்றைக் கண்டார்கள், பெயர் ஓஆர்7டி4. அது அமைந்திருக்கும் விதத்தைப் பொறுத்து ஒருவருக்கு மூத்திர வாடை வரும், இன்னொருவருக்கு இனிப்பாகத் தெரியும், வேறொருவருக்கு ஒன்றுமே தெரியாது. பிறந்த ஊருக்கு இதில் வேலையில்லை.

கறி வேகாததும் கறி நாறுவதும் ஒன்று என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. ஓடித் திரிந்த மிருகத்தின் தசையில் கொலாஜன் அதிகம். வயது ஏற ஏற அதன் பின்னல் இறுகும். 70 பாகைக்கு மேல் ஈரச்சூட்டில் நெடுநேரம் கிடந்தால்தான் அது கூழாக இளகும். தோட்டத்தில் விறகடுப்பில் மூன்று மணி நேரம் போட்டது அதற்குத்தான். பிரஷர் குக்கரில் சூடு 120 பாகை வரை ஏறுவதால் முக்கால் மணி நேரம் போதும். பப்பாளிக்காய் அரைத்துப் பிசறினாலும் மெத்தென்று ஆகும்.

வாடைக்கு இது எதுவும் உதவாது. மஞ்சள் உப்பு போட்டு ஒரு கொதி விட்டு வடித்தால் ரத்தக் கவிச்சி போகும், அவ்வளவுதான். ஆண்ட்ரோஸ்டினோன் கொழுப்பில் கரைவது, தண்ணீரோடு போகாது. கொழுப்பை வெட்டி எறிவதுதான் வழி. மிளகு, சோம்பு, இஞ்சி, செராய் எல்லாம் மிச்சத்தை மறைக்கத்தான்.

இன்னொன்று. சூடேறும்போதுதான் அந்த வாடை கிளம்பும். வாசலில் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்த அப்பாவின் மங்குக்கு வரும்போது கறி ஆறி, மசாலா ஊறியிருக்கும். கொதிக்கிற சட்டிமேல் குனிந்து பிரட்டியது அம்மா. மூத்திர நாற்றத்தை மூன்று மணி நேரம் மூச்சில் இழுத்துக்கொண்டே சமைத்தவரைத்தான் நாம் 'பெரிய வீட்டுப் பொண்ணு' என்று கிண்டல் செய்திருக்கிறோம்.

ஐரோப்பாவில் சில இறைச்சிக்கூடங்களில் இந்தச் சோதனைக்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள். சால்டரிங் அயன் போன்ற ஒரு சூட்டுக்கோலைக் கொழுப்பில் வைப்பார்கள். புகையை ஒருவர் மோந்து பார்த்துச் சொல்வார். அந்த வேலைக்கு அம்மா மாதிரி மூக்கு உள்ளவர்களைத்தான் தேடி எடுக்கிறார்கள். ஆண்ட்ரோஸ்டினோன் தெரியாத மூக்குக்கு அங்கே வேலை கிடையாது. அப்பா இன்டர்வியூவிலேயே அவுட்.

இப்போது எங்கள் வீட்டில் நான்தான் சமைக்கிறேன். வேட்டைக்கு பெர்ஹிலித்தான் உரிமம் உள்ளவரிடம் மட்டும் வாங்குவேன். பெட்டையா, இளசா என்று முதலில் கேட்டுவிடுவேன். காட்டுப்பன்றியில் புழு இருக்கலாம், அதனால் உள்வரை 71 பாகை தாண்ட வேண்டும். குக்கரில் அது தானாக நடந்துவிடும். மசாலா அரைப்பதற்கு முன் ஒரு துண்டுக் கொழுப்பைச் சட்டியில் சுட்டு அம்மாவைக் கூப்பிடுவேன். அவர் சரி என்றால்தான் மேற்கொண்டு.

"என்னவாம் டவுன்காரி மூக்கு?" என்று அப்பா வாசலிலிருந்து கேட்பார். இதுவரை இரண்டு தடவை அம்மா வேண்டாம் என்றிருக்கிறார். இரண்டு தடவையும் அப்பா ஒன்றும் சொல்லாமல் மோட்டாரை எடுத்துக்கொண்டு கோழி வாங்கப் போனார்.