மூட்டை தூக்கினா பலம் வந்துருமா?

மஞ்சள் வெட்டு முடிஞ்சு, வேக வெச்சு, களத்துல காயப் போட்டாச்சு. அதனாலதான் மூணு வாரமா இந்தப் பக்கமே வர முடியல. ஆளைக் காணோமேனு விசாரிச்ச எல்லாருக்கும் நன்றி.

இந்தத் தடவை பயிர் பத்தி இல்லை. பலம் பத்தி.

பொங்கலுக்கு ஒரு நண்பர் குடும்பத்தோட தோட்டத்துக்கு வந்திருந்தார். சென்னையில கம்ப்யூட்டர் வேலை. சாயங்காலம் பால் சொசைட்டிக்குப் போக ரெண்டு கையிலயும் ஆளுக்கொரு கேனைத் தூக்கிக்கிட்டு களத்தைத் தாண்டி நடந்தேன். அவர் சிரிச்சுட்டார். "அண்ணா, இதுக்கு எங்க ஜிம்முல ஃபார்மர்ஸ் வாக்னு பேரு. காசு கட்டி இதைத்தான் பண்றோம்" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்ப திண்ணையில உட்கார்ந்திருந்த என் மக, தலையை நிமிர்த்தாமலே சொன்னா: "சித்தப்பா, நீங்க பண்றது பயிற்சி. அப்பா பண்றது வேலை. ரெண்டும் வேற."

அவ சாதாரணமாத்தான் சொன்னா. எனக்குத்தான் சுருக்குனு இருந்துச்சு. அந்த வார்த்தைக்குப் பின்னால ஒரு வருசக் கதை இருக்கு.

மக பதினொண்ணாவது படிக்கிறா. எட்டாவதுல இருந்து ஜூடோ. பக்கத்து டவுன்ல ஒரு மாஸ்டர் சொல்லித் தர்றார். ஜூடோவை ஜப்பான்ல கானோ ஜிகோரோனு ஒரு வாத்தியார் 1882-ல ஆரம்பிச்சார். அடி, உதை கிடையாது. கெட்டியான துணியில தெச்ச சட்டை போட்டிருப்பாங்க. எதிராளியோட சட்டைக் காலரையும் கையையும் பிடிச்சு இழுத்து, நிலை தடுமாற வெச்சு, முதுகு தரையில படற மாதிரி எறியணும். இல்லேன்னா மல்லாக்கப் போட்டு 20 நொடி அமுக்கிப் பிடிக்கணும். ஆட்டம் 4 நிமிசம். கேட்கச் சின்னதாத்தான் தெரியும். உங்க வீட்டுப் பையனை ஒரு ஈரச் சாக்கோட நுனியைப் பிடிச்சுக்கச் சொல்லி, 4 நிமிசம் நீங்க அதை உருவப் பாருங்க. அப்புறம் தெரியும்.

அவளுக்கு 57 கிலோ பிரிவு. 2022-ல சரயேவோவுல நடந்த உலக கேடட் போட்டியில மணிப்பூர் பொண்ணு லிந்தோய் சனம்பம் தங்கம் வாங்கினது இதே 57 கிலோவுலதான். அந்தப் படம் எங்க வீட்டு பீரோக் கதவுல ஒட்டியிருக்கு.

போன வருசம் தை மாசக் கடைசியில மாவட்ட அளவுல ஒரு போட்டி வந்துச்சு. சரியா அதே நேரம் மஞ்சள் வெட்டு. எங்க ஊர்ப் பக்கம் அந்த நாள்ல ஆள் கிடைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு முன்னாடியே எழுதியிருக்கேன். எல்லாத் தோட்டத்துலயும் ஒரே சமயத்துல வெட்டு நடக்கும். நான் என்ன பண்ணினேன்? மகளைக் கூப்பிட்டேன். "கண்ணு, ஜூடோவுக்குப் பலம் வேணும்ல? கெழங்கு கூடையைத் தூக்கு. சாக்கைப் பிடிச்சு இழுத்துப் போடு. இதைவிடப் பெரிய பயிற்சி எந்த ஜிம்முலடா கெடைக்கும்?"

அவளும் செஞ்சா. காலையில பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம், சாயங்காலம் வந்து இருட்டுற வரைக்கும். சனி ஞாயிறு முழு நாள். நான் ஊரெல்லாம் பெருமை பேசினேன். என் புள்ள தோட்டத்துலயே பயிற்சி எடுக்குதுன்னு. போட்டிக்கு முந்தின நாள் வரைக்கும் சாக்கு இழுத்தா.

போட்டியன்னிக்கு முதல் ஆட்டம் ஜெயிச்சா. ரெண்டாவது ஆட்டத்துல மூணாவது நிமிசம் வரைக்கும் நல்லாத்தான் போச்சு. அதுக்கப்புறம் எதிராளி சட்டையில இருந்து இவ கை கழண்டு கழண்டு வந்துச்சு. பிடிக்கிறா, நழுவுது. மறுபடி பிடிக்கிறா, நழுவுது. அந்தப் பொண்ணு இவளைச் சாய்ச்சு, மேலே விழுந்து அமுக்கினா. நான் வெளியில நின்னு 20 எண்ணினேன். அவ்வளவு நீளமான 20 நொடியை நான் பார்த்ததில்லை.

வெளிய வந்து கையை நீட்டினா. முன்கை ரெண்டும் கல்லாட்டம் இறுகிக் கெடக்குது. விரலை மூடச் சொன்னா மூட வரலை. வலது நடுவிரல் மொழி வீங்கியிருந்தது. நாலு நாளா வீங்கியிருந்துச்சாம். "ஏன் கண்ணு சொல்லலை?"னு கேட்டேன். "மஞ்சள் முடியட்டும்னு இருந்தேம்ப்பா" என்றாள்.

மாஸ்டர் வந்தார். கத்தலை. போன வாரம் என்னென்ன பண்ணினானு கேட்டார். சொன்னேன். சொல்லும்போதே, "அதுவும் பயிற்சிதானுங்களே மாஸ்டர்"னு ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கிட்டேன். அவர் சொன்னார்: "அண்ணா, பயிற்சின்னா இன்னிக்கு எவ்வளவு, நாளைக்கு எவ்வளவு, எப்ப நிறுத்தணும்னு புள்ளையோட உடம்பைப் பார்த்து முடிவு பண்றது. நீங்க மஞ்சளைப் பார்த்து முடிவு பண்ணியிருக்கீங்க."

பதில் சொல்ல முடியல. ஏன்னா அது உண்மை. எனக்கு ஆள் பத்தலை. வேலைக்குப் பயிற்சின்னு பேரு வெச்சா, புள்ளையை வேலை வாங்கறோம்ங்கற உறுத்தல் எனக்கும் இருக்காது, அவளுக்கும் மறுக்கத் தோணாது. நான் வேணும்னு திட்டம் போட்டுச் செய்யலை. ஆனா எனக்குச் சௌகரியமா இருந்துச்சு, அதனால யோசிக்கலை.

ராத்திரி வீட்டுல எங்கப்பாகிட்ட புலம்பினேன். அவருக்கு 78 வயசு. மகளுக்கு அவர் அப்பாரு. "உங்க காலத்துல எல்லாம் ஏரைப் பிடிச்சே உடம்பு ஏறிச்சு. இப்பத்தான் இதுக்குத் தனிப் பயிற்சி, அதுக்கு ஓய்வுன்னு..." நான் முடிக்கலை. "யார்ரா உனக்குச் சொன்னது?"ன்னார்.

அவர் இளவட்டமா இருந்தப்ப ஊர்ல நாலஞ்சு பேர் சேர்ந்து கோயில் மைதானத்துல தண்டால், பஸ்கி எடுப்பாங்களாம், கர்லாக்கட்டை சுத்துவாங்களாம். கர்லாக்கட்டைன்னா அடி பெருத்து, பிடி சிறுத்த மரக்கட்டை. தோளைச் சுத்தி வீசிப் பழகறது. வடக்கே குஸ்தி பயில்வான்களும் இதே மாதிரிக் கட்டையைச் சுத்துவாங்க. "ஆனா அதெல்லாம் அறுப்பு முடிஞ்சு சும்மா இருக்கற மாசத்துலதான். உழவு நாள்ல எவன் கர்லா தொடுவான்? ஏரு ஓட்டினவன் படுத்துத் தூங்குவான். ரெண்டும் ஒரே நாள்ல செஞ்சா ரெண்டும் உருப்படாது" என்றார். நான் இத்தனை வருசமா மனசுல வெச்சிருந்த பழைய காலம், பழைய காலத்து ஆள்கிட்ட கேட்டா அப்படி இல்லை.

அப்புறம் நானே யோசிச்சுப் பார்த்தேன். வேலையில கெட்டிக்காரன் யாரு? பலத்தை மிச்சம் பிடிக்கிறவன். மம்முட்டியை நாள் பூரா போடணும்னா, குறைஞ்ச பலத்துல நிறைய மண்ணைப் புரட்டத் தெரியணும். மூட்டையை முதுகுல ஏத்தறவன் அதோட கனம் எங்க உட்காரும்னு பார்த்து ஏத்துவான். அதுவும் ஒரே பக்கமாத்தான் செய்வோம். நான் முப்பது வருசமா வலது பக்கம் சாய்ஞ்சே மம்முட்டி பிடிக்கிறேன். யூரியா மூட்டை 45 கிலோ. வலது தோள்ல வெச்சா எவ்வளவு தூரமும் போவேன், இடது தோள்ல வெச்சா வாய்க்காலைத் தாண்ட மாட்டேன். வேலை எனக்குத் தாங்கற சக்தியைக் கொடுத்திருக்கு, கூடவே ஒரு கோணலையும் கொடுத்திருக்கு.

பயிற்சி இதுக்கு நேர் எதிர். வேணும்னே கஷ்டமான மாதிரி தூக்கணும், கொஞ்ச நேரம் தூக்கணும், நிறுத்தணும், உடம்பு தேறி வர நாள் விடணும், அப்புறம் கொஞ்சம் கூட்டணும். பலம் தூக்கும்போது ஏறறதில்லை, தூங்கும்போதுதான் ஏறுதுன்னு மாஸ்டர் சொல்வார். பயிருக்குத் தண்ணி விட்டுட்டுக் காய விடறோமே, அந்த மாதிரிதான். தேங்கி நின்னா வேர் அழுகிரும்.

அதுக்கப்புறம் மாஸ்டர் ஒரு நாள் தோட்டத்துக்கே வந்தார். சுத்திப் பார்த்துட்டு, இங்க இருக்கறதே போதும்னுட்டார். மல்லுக்கட்டற விளையாட்டுக்கு வேண்டியது நாலு: பிடி, இழுப்பு, இடுப்பு, கழுத்து. ஜூடோ, ஜியு-ஜிட்சுனு பழகற பிள்ளைங்க இருக்கற வீட்டுக்காரங்களுக்கு உதவும்னு நாங்க செய்யறதை எழுதறேன்.

பழைய ஜூடோ சட்டையை வேப்பமரக் கிளையில போட்டு, ரெண்டு முனையையும் பிடிச்சுத் தொங்கணும். ஆரம்பத்துல மக 10 நொடி தாங்கினா. இப்ப அதைப் பிடிச்சு உடம்பை 5 தடவை மேல இழுக்கிறா. கம்பியைப் பிடிக்கிற பலம் வேற, துணியைப் பிடிக்கிற பலம் வேற. ஜூடோவுல துணிதான்.

சாக்குல மணல். 20 கிலோவுல ஆரம்பிச்சோம். கட்டிப் பிடிச்சுத் தரையிலிருந்து நெஞ்சு வரைக்கும் தூக்கணும். 5 தடவை, அப்புறம் மூணு நிமிசம் சும்மா நிக்கணும், இப்படி 4 சுத்து. சுலபமா வந்தா மட்டும் 2 கிலோ கூட்டறோம். மஞ்சள் நிறுக்கற தராசுலயே நிறுத்துக்கறோம். முதுகை வளைக்கக் கூடாது, இடுப்பை மடிக்கணும். தடவை குறைவு, எடை கூடன்னு வெச்சா உடம்பு பெருக்காம பலம் ஏறுமாம். எடைப் பிரிவு மாறாம இருக்க அது முக்கியம்.

அப்புறம் அந்த ஃபார்மர்ஸ் வாக். கேன்ல தண்ணி ஊத்தி 20 மீட்டர் நடை. ரெண்டு கையிலயும் ஒரு தடவை, அப்புறம் ஒத்தைக் கையில, வலதுக்கு எவ்வளவோ இடதுக்கும் அவ்வளவு. கடைசியா தோளுக்கு அப்பாரோட கர்லாக்கட்டை. பரண்ல கெடந்ததை அவரே இறக்கித் தொடைச்சுக் கொடுத்தார். கழுத்துக்கு, மல்லாக்கப் படுத்துக் காலை ஊணி உடம்பை வில்லு மாதிரித் தூக்கறது. இதை மட்டும் மாஸ்டர் பக்கத்துல இருக்கும்போதுதான் செய்யணும்.

இவ்வளவும் வாரத்துக்கு ரெண்டு நாள், முக்கால் மணி நேரம். மத்த மூணு நாள் ஜூடோ வகுப்பு. தென்னை மரத்துல சைக்கிள் டியூப்பைக் கட்டி, எறியறதுக்கு முந்தின திருப்பத்தை மட்டும் திரும்பத் திரும்ப இழுத்துப் பழகறதும் உண்டு. அதுக்கு ஜப்பான்காரங்க உச்சிக்கோமினு சொல்றாங்க. எனக்கு முதல்ல கோமியம்னுதான் காதுல விழுந்துச்சு. கிமுரா மசாஹிகோனு ஒரு பெரிய ஜூடோ வீரர் மரத்தையே எதிராளியா வெச்சுப் பழகினவராம். 1951-ல பிரேசிலுக்குப் போய் ஜியு-ஜிட்சு வீரர் ஹெலியோ கிரேசியைக் கையை மடக்கி ஜெயிச்சார். அந்தப் பூட்டுக்கு இன்னிக்கும் கிமுரானுதான் பேரு. எங்க தென்னைமரம் இன்னும் பேர் வாங்கலை.

போட்டி வாரம் எடையெல்லாம் பாதி. கடைசி ரெண்டு நாள் ஒண்ணும் கிடையாது. அந்த ரெண்டு நாள் அவ சும்மா உட்கார்ந்திருக்கறதைப் பார்க்கத்தான் எனக்குக் கை பரபரக்கும். எங்களுக்கு உட்கார்ந்திருக்கற ஆளைக் கண்டா ஆகாது. பழக்கம்.

இந்த வருசமும் போட்டி மஞ்சள் வெட்டு நேரத்துலதான் வந்துச்சு. ஆள் விட்டேன். ஆள் கிடைக்கறதுக்கு ஒரு வாரம் தாமதம், கூலியும் கையைக் கடிச்சுச்சு. மக அரையிறுதியில தோத்தா. ஆனா 4 நிமிசமும் முடிஞ்சு, கூடுதல் நேரம் போய், அப்புறம்தான் தோத்தா. கடைசி வரைக்கும் அவ கை அந்தக் காலரை விடலை. அடுத்து வெண்கலத்துக்கான ஆட்டத்துல ஜெயிச்சா. மெடலை அப்பாரு கழுத்துல போட்டுட்டு, நேரா சோத்துப் பானைக்குப் போயிட்டா.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. களத்துல மஞ்சளைக் கிளறிக்கிட்டிருந்தேன். அவளே வந்து இன்னொரு பலகையை எடுத்தா. "வேண்டாம் கண்ணு, போய்ப் படு"ன்னேன். "இது பயிற்சியில்லப்பா, வேலை. அரை மணி நேரம்தான் செய்வேன்" என்றாள். அரை மணி நேரம் செஞ்சா. பலகையைச் சாத்தி வெச்சுட்டுப் போயிட்டா.

எனக்கு ஒரு லாபம். மூட்டை தூக்கும்போது முதுகை வளைக்காம இடுப்பை மடிக்கணும்னு அவகிட்டத்தான் கத்துக்கிட்டேன். ராத்திரி முதுகு வலி பாதி குறைஞ்சிருக்கு. இடது தோள்ல மூட்டை வெச்சு இப்ப வாய்க்காலைத் தாண்டிட்டேன். கெணத்து மேடு வரைக்கும் இன்னும் வரலை.

கரண்டு வந்திருச்சு. கரும்புக்குத் தண்ணி திருப்பணும். வரட்டுங்களா?