பம்பு அடிச்சா லிவர் போயிடுமா டாக்டர்?

போன வாரம் ஓபியில ஒரு அம்மா. வயசு 54. பத்து வருஷ ஆஸ்துமா. உள்ள வரும்போதே வீசிங் கேக்குது.

"பம்பு அடிக்கிறீங்களாம்மா?"

"அதை விட்டு எட்டு மாசம் ஆச்சு சார். லிவரைக் கெடுக்கும்னு சொன்னாங்க. இப்ப மாத்திரைதான்."

மஞ்சப்பையைக் கொட்டினாங்க. சால்பியூட்டமால் 4 மில்லிகிராம், தியோபிலின், அப்புறம் மெடிக்கல் ஷாப்ல சீட்டில்லாம வாங்குன பீட்டாமெதசோன். அதுதான் "நல்லா கேக்குதாம்". கேக்கும். ஸ்டீராய்டாச்சே.

கணக்கைப் பாருங்க. பம்புல ஒரு தடவை அழுத்தினா வர்ற சால்பியூட்டமால் 100 மைக்ரோகிராம். அந்த ஒரு மாத்திரையில 4000. அதாவது 40 அழுத்து. அதுவும் நேரா நுரையீரலுக்குப் போகாம குடல், கல்லீரல், ரத்தம்னு உடம்பு பூரா சுத்திட்டுப் போகுது. கை நடுக்கமும் படபடப்பும் அதனாலதான்.

பம்புல இருக்குற ஸ்டீராய்டு? பியூடெசோனைடையே எடுத்துக்குவோம். தொண்டையில ஒட்டி வயித்துக்குள்ள போற பங்குல ஏறக்குறைய 90 சதவீதத்தைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே உடைச்சுப் போட்டுடும். நாம யாரைக் காப்பாத்தணும்னு பம்பை நிறுத்துறோமோ, அந்தக் கல்லீரல்தான் இங்க வாட்ச்மேன் வேலை பாக்குது.

தியோபிலின் கதை வேற. அதை நான் அடிபட்டுத்தான் கத்துக்கிட்டேன். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ வார்டுல ஒரு தாத்தா. தியோபிலின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. சிறுநீர்த் தொற்றுன்னு சிப்ரோஃப்ளாக்சசின் எழுதினேன். மூணாம் நாள் ஓயாத வாந்தி, நாடி 140. சிப்ரோவாலதான் வயித்தைப் பிரட்டுதுன்னு நினைச்சு வாந்திக்கு ஊசி போட்டுட்டுப் போயிட்டேன். ராத்திரி ரவுண்ட்ஸ் வந்த சீனியர் கேஸ் ஷீட்டைப் பாத்துட்டு ரெண்டையும் அடிச்சார். தியோபிலினை உடைக்கிற கல்லீரல் நொதியை சிப்ரோ முடக்கிடும். போதாக்குறைக்கு பீடிப் புகை அதே நொதியை முடுக்கி விடும். தாத்தா வார்டுக்கு வந்து ஒரு வாரமா பீடி தொடலை. ரெண்டு பக்கமும் கதவடைச்சு ரத்தத்துல மருந்து ஏறிடுச்சு. வலிப்பு வரைக்கும் போயிருக்கலாம். பிழைச்சார். நான் அன்னிக்கு ராத்திரி சாப்பிடலை.

மான்டெலுகாஸ்ட் பத்தியும் கேப்பீங்க. கல்லீரல் நொதி ஏறுறது அரிது. அதைச் சாப்பிடுறவங்ககிட்ட நான் முதல்ல கேக்குறது தூக்கம், கெட்ட கனவு, எரிச்சல். 2020ல அமெரிக்க எஃப்டிஏ கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிச்சது அந்த மனநிலை மாற்றங்களுக்குத்தான்.

அப்போ 'ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்'? யூடியூப்ல மருந்தோட தலையில கட்டுற சமாச்சாரம் இது. ஆஸ்துமா மூச்சுக்குழாய்ல குவியுற ஈசினோபில் மாதிரி அணுக்களே முரட்டு ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கக்குது. அதைத் தணிக்கிற குளூட்டதையோன் அங்கயே செலவாகுது. அந்த அணுக்களை அடக்குறது பம்புல இருக்குற ஸ்டீராய்டு. நிறுத்தினா அந்த எரிச்சல் கூடும், குறையாது.

அந்த அம்மாவுக்கு வருவோம். எஸ்ஜிபிடி 78. ஸ்கேன்ல கொழுப்புக் கல்லீரல். சாப்பிடாம எடுத்த சுகர் 168. எட்டு மாசத்துல ஒன்பது கிலோ ஏத்தம். எல்லாம் அந்தச் சின்ன மாத்திரையாலதான்னு சொல்ல மாட்டேன், முன்னாடியே பருமன் உண்டு. ஆனா சுகரும் எடையும் ஏறினதுல அதுக்குப் பெரிய பங்கு. பழி மட்டும் பம்பு மேல.

இதுல இன்னொரு சங்கடம். அதை இன்னிக்கே நிறுத்துங்கன்னும் சொல்ல முடியாது. இத்தனை மாசத்துல அட்ரினல் சுரப்பி தூங்கியிருக்கும்; திடீர்னு நிறுத்தினா பிபி இறங்கி மயங்கி விழலாம். வாரக்கணக்கா படிப்படியாத்தான் குறைக்கணும்.

ஸ்பேசரோட பம்பு எழுதிக் குடுத்தேன். அடிச்சதும் வாயைக் கொப்பளிச்சுத் துப்பச் சொன்னேன். எழுந்து போனவங்க வாசல்ல நின்னு திரும்பினாங்க.

"சார், எங்க மருமகளும் அதே கடையிலதான் வாங்குது."

அடுத்த செவ்வாய் ரெண்டு பேரும் வர்றாங்க. பையோட.