காகிதத்தில் இல்லாத விட்டம்

இந்த முறை பதிவு கொஞ்சம் தலையைச் சுற்ற வைக்கும். ஐந்தாவது பரிமாணம் பற்றி எழுதப்போகிறேன். காபி குடித்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

1919ல் ஐன்ஸ்டைனுக்கு ஒரு கட்டுரை தபாலில் வந்தது. அனுப்பியவர் தியோடர் கலூசா. அன்றைய ஜெர்மனியின் கிழக்குக் கோடியில் இருந்த கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் சம்பளம் இல்லாத ஆசிரியர். மாணவர்கள் கட்டும் கட்டணத்தில் என்ன வருகிறதோ அதுதான் வருமானம். (அந்த ஊர் இன்று ரஷ்யாவில் இருக்கிறது, பெயர் கலினின்கிராட்.) மனுஷர் புத்தகத்தைப் படித்தே நீச்சல் கற்றுக்கொண்டு, முதல் தடவையே தண்ணீரில் நீந்திவிட்டார் என்று ஒரு கதை உண்டு. படித்ததை நம்பி இறங்குகிற ஆள்.

நமக்குத் தெரிந்தது நீளம், அகலம், உயரம், கூடக் காலம். ஆக நான்கு. ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகள் இந்த நான்கில்தான் எழுதப்பட்டவை. கலூசா அவற்றை ஐந்து பரிமாணங்களில் எழுதிப் பார்த்தார். அதைப் பிரித்தால் ஒரு பகுதியில் ஐன்ஸ்டைனின் ஈர்ப்பு அப்படியே வந்தது. இன்னொரு பகுதியில் மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உரிய மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் வந்து நின்றன. அவர் மின்சாரத்தைத் தனியாக உள்ளே போடவே இல்லை. 1914லேயே ஃபின்லாந்துக்காரர் நார்ட்ஸ்ட்ராம் இதே வாசலைத் தட்டியிருந்தார், ஆனால் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடு அப்போது முழுமையாகவில்லை.

ஐன்ஸ்டைனுக்கு முதலில் ரொம்பப் பிடித்தது. பிறகு சந்தேகம் வந்து கேள்விகள் கேட்டார். விஷயம் அப்படியே நின்றது. இரண்டரை வருஷம் கழித்து அவரே மனம் மாறி எழுத, 1921 டிசம்பரில் கட்டுரை வெளியானது. கலூசாவுக்குச் சம்பளமுள்ள பேராசிரியர் வேலை கிடைத்தது 1929ல், கீல் நகரத்தில். அந்த வீட்டில் அதுவரை என்னென்ன பேச்சு நடந்திருக்கும் என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

சரி, ஐந்தாவது பரிமாணம் இருந்தால் ஏன் தெரியவில்லை? 1926ல் ஸ்வீடன்காரர் ஆஸ்கர் கிளைன் பதில் சொன்னார். அது சுருண்டு கிடக்கிறது, மிக மிகச் சிறியது. ஒரு சென்டிமீட்டரை, ஒன்றுக்குப் பின்னால் 30 சைபர் போட்ட எண்ணால் வகுத்தால் கிட்டத்தட்ட அந்த அளவு.

எனக்கு இது உடனே புரிந்தது. காரணம், 34 வருஷம் டிராயிங் ஆபீஸில் குழாய் வரைந்தவன் நான். ஆலை முழுவதையும் ஒரே தாளில் அடக்கும் லேஅவுட்டில் சின்னக் குழாய்களை ஒற்றைக் கோடாகத்தான் போடுவோம். அந்தக் கோட்டுக்கு விட்டம் கிடையாது. ஆனால் நிஜக் குழாய்க்கு விட்டம் இருக்கிறது, அதற்குள்தான் தண்ணீரும் நீராவியும் ஓடுகின்றன. தாளின் ஸ்கேலுக்கு அது தெரியாது, அவ்வளவுதான். கிளைன் சொன்னதும் இதுதான். நாம் பார்க்கும் உலகம் ஒரு லேஅவுட்.

இன்று ஸ்ட்ரிங் தியரி என்கிறார்களே, தமிழில் இழைக் கோட்பாடு, அது இந்த வம்சத்தில் வந்ததுதான். துகள்கள் எல்லாம் அடிப்படையில் அதிரும் நுண்ணிய இழைகள் என்கிறது. (வீணைத் தந்தி உதாரணத்தை எல்லோரும் சொல்லிவிட்டதால் நான் விட்டுவிடுகிறேன்.) இடம் ஒன்பது, காலம் ஒன்று, ஆகப் பத்துப் பரிமாணங்கள் இருந்தால்தான் அந்தக் கணக்கு முரண்படாமல் நிற்கிறது. 1984ல் கிரீனும் ஷ்வார்ட்ஸும் ஒரு பெரிய முரண்பாடு தானாக நீங்குவதைக் காட்டியதும் உலகமெங்கும் இளைஞர்கள் இதில் குதித்தார்கள். 1995ல் விட்டன் பதினொன்று என்றார்.

இதையெல்லாம் நான் இப்போது படித்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் தம்பியின் பேத்தி எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு இதில்தான் ஆராய்ச்சி என்று நிற்கிறாள். அவள் அப்பா போன் செய்தான். "பெரியப்பா, நிரூபணமே ஆகாத விஷயமாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா." அவன் ரிடையர் ஆக இன்னும் நாலு வருஷம்தான். தம்பியும் இல்லை.

அவன் சொன்னது தப்பில்லை. 1998ல் மூன்று விஞ்ஞானிகள், கூடுதல் பரிமாணம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக்கூட இருக்கலாம் என்றார்கள். அப்படியென்றால் மிக நெருக்கத்தில் ஈர்ப்பு விசை நியூட்டன் சொன்னதைவிட வேகமாக மாறவேண்டும். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் மெல்லிய இழையில் ஒரு தட்டைத் தொங்கவிட்டு, கீழே இன்னொரு தட்டை மெதுவாகச் சுழற்றி, மேல்தட்டு எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்று வருஷக்கணக்காக அளந்தார்கள். 2020ல் வந்த முடிவுப்படி 52 மைக்ரான், அதாவது ஒரு மெல்லிய தலைமுடியின் தடிமன் வரை, நியூட்டன் சொன்னதுதான் சரி. ஜெனீவா பக்கத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கும் இயந்திரத்திலும் கூடுதல் பரிமாணத்தின் தடயம் கிடைக்கவில்லை. எனக்கு எரிச்சல் தருவது வேறு. சுருண்ட பரிமாணங்கள் எத்தனை வடிவத்தில் இருக்கலாம் என்றால், ஒன்றுக்குப் பின்னால் 500 சைபர் என்கிறார்கள். எதைக் கண்டுபிடித்தாலும் ஒரு வடிவம் பொருந்திவிடும் என்றால் தப்பை எப்படிப் பிடிப்பது? சியாட்டில்காரர்கள் மேல்தான் எனக்கு மரியாதை அதிகம். இல்லை என்பதையும் அளந்து சொல்கிறார்கள்.

அவளிடமே கேட்டேன். "முப்பது வருஷம் கழிச்சு இது இல்லைன்னு ஆயிட்டா என்னம்மா பண்ணுவே?"

"பெரிய தாத்தா, நீங்க போட்ட டிராயிங் எல்லாத்தையும் கட்டினாங்களா?"

பாதி கட்டவில்லை. டெண்டரோடு நின்றவை, பணமில்லாமல் கைவிட்டவை என்று அலமாரி அலமாரியாக இருந்தன. "எனக்குச் சம்பளம் வந்தது" என்றேன். "எனக்கும் உதவித்தொகை வருமே" என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்த 500 சைபர் தன்னையும் உறுத்துகிறது, அதனால்தான் அதற்குள் போய்ப் பார்க்கவேண்டும் என்கிறேன் என்றாள்.

நான் அவள் அப்பாவுக்குச் சொன்னது இவ்வளவுதான்: "தியரி நிஜமான்னு நீ கேக்காதே, அது அவ வேலை. அஞ்சு வருஷத்துக்கு அவ உன்கிட்ட காசு கேக்கமாட்டா. கூடவே கம்ப்யூட்டர் கணக்கும் நல்லா கத்துக்கச் சொல்லியிருக்கேன்." அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆகஸ்டில் சேருகிறாள். என் பழைய மினி டிராஃப்டரைக் கேட்டாள், துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.