பச்சையும் மஞ்சளும்

மார்கழி விடுமுறைக்குத் தாண்டிக்குடி வீட்டை நாங்கள் அடைந்தபோது மகளின் முன்கையில் பச்சை குத்தி இரண்டு நாள்களே ஆகியிருந்தன. சிறிய புள்ளிக்கோலம் அது. அறுபதாண்டுகளுக்கு முன் குறத்தி ஒருத்தி அவளுடைய அப்பத்தாவின் கையில் குத்தியதும் அதே கோலந்தான். பேத்தியின் கையைப் பார்த்ததும் அம்மாவின் கண்கள் கலங்கின. மறுகணமே அம்மியடிக்குப் போய் மஞ்சள் அரைக்கத் தொடங்கிவிட்டார்.

"வெளக்கெண்ணெயில கொழச்சுத் தடவு தாயீ, வீங்காது."

அம்மா சொன்னது பழைய முறைதான். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூலில், பச்சை குத்துதலைத் தொழிலாகக் கொண்டு ஊர்தோறும் சென்ற குறவர் குலப் பெண்களைப் பற்றிய குறிப்பு உண்டு. மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்குவர். அதை ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்துப் புதுச்சட்டியில் படியும் கரியை மையாக்குவர். குத்தியபின் குளிர்ந்த நீரால் கழுவி, நிறம் துலங்கவும் வீக்கம் தணியவும் மஞ்சள் பூசுவர்.

மகளின் பையிலோ வேறு மூன்று பொருள்கள் இருந்தன. மணமற்ற மென்மையான சோப்பு. நீர் சேர்ந்த, மணமற்ற களிம்பு. மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்துத் தந்த, ஸ்டீராய்டும் நியோமைசினும் கலந்த குழாய். மூன்றாவதை நாங்கள் முதலில் ஒதுக்கினோம். ஸ்டீராய்டு புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். நியோமைசின் சிலர் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும். அதைச் சொல்வது எளிதாயிருந்தது. மஞ்சளை வேண்டாமென்பதுதான் கடினமாயிருந்தது. புதுப்பச்சை என்பது ஊசித்துளைகளாலான திறந்த புண். அம்மிக்கல்லில் அரைத்த பச்சை மஞ்சளில் மண்ணின் கிருமிகளும் இருக்கக்கூடும். ஆனால் மஞ்சளை மறுத்தால், தன் கையையே மறுத்ததாக அம்மாவுக்குத் தோன்றிவிடுமே!

தயங்கித் தயங்கிச் சொன்னோம். அம்மா சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, நாங்கள் அதுவரை கேட்டறியாத ஒன்றைச் சொன்னார்.

"எந் தங்கச்சிக்கும் இதே மஞ்சத்தான் பூசுனோம். சீழ் வச்சு, ஒரு மாசம் காப்பிப்பழம் பறிக்கப் போகல. ஊசி ஒண்ணுதானே எல்லாருக்கும்."

மஞ்சள் அன்றைய மொச்சைக் குழம்பிற்குப் போயிற்று. அம்மா வெந்நீர் வைத்து ஆற்றினார்; பேத்தி சோப்பிட்டுக் கழுவ, அவரே சொம்பிலிருந்து ஊற்றினார். தேய்க்காமல் ஒற்றியெடுத்து, களிம்பை மெல்லிய படலமாகப் பூசினாள். ஓடைக்குளியலும் காப்பித்தோட்டமும் மூன்று வாரங்களுக்கு இல்லை என்று முடிவாயிற்று.

பச்சை ஏன் அழிவதில்லை என்பதற்கு 2018-இல் பிரான்சின் மார்சேய் நகர ஆய்வாளர்கள் எலிகளை வைத்து விளக்கம் கண்டனர். தோலிலுள்ள விழுங்கணுக்கள் மையை விழுங்கி வைத்திருக்கின்றன. ஓர் அணு மடியும்போது சிந்தும் மையைப் புதிதாய் வரும் அணு ஏந்திக்கொள்கிறது. அம்மாவின் கையில் வெளிறிப்போன கோலமும் இப்படித்தான் கைமாறிக் கைமாறி நிலைத்திருக்க வேண்டும்.

ஊர் திரும்பிய பின்னும் நாள்தோறும் தொலைபேசியில் அதே கேள்விதான்: "பொருக்கு உதுந்துருச்சா? சொறியாத தாயீ." பூசுவதற்குத் தன்னிடம் ஏதுமில்லாத தவிப்பு அந்தக் குரலில் இன்னும் கேட்கிறது.