ராணி இல்லாத ராணி முத்திரை

பாகிஸ்தானில், பெஷாவரிலிருந்து கோஹாட் போகும் வழியில் சுமார் 40 கிலோமீட்டரில் தர்ரா ஆதம் கேல். நம் ஊர்க் கடைத்தெருவில் எவர்சில்வர் குடம் மாதிரி, அங்கே துப்பாக்கி. நூறு வருஷத்துக்கு மேலாக அஃப்ரீதிகளின் குடிசைத் தொழில்! பழைய லீ-என்ஃபீல்டு ஒன்றைக் கொடுத்தால், அரத்தால் ராவி ராவியே அச்சு அசலாக இன்னொன்று செய்துவிடுவார்கள். முத்திரை உட்பட. விக்டோரியா மகாராணி காலமானது 1901-ல். கைபர் வட்டாரக் காப்பிகள் சிலவற்றில் அம்மணியின் 'வி.ஆர்.' முத்திரைக்குக் கீழே அதற்கும் பிந்தைய வருஷம்!

சிரிச்சாச்சா? இனிமேதான் வில்லங்கம். முன்னால் முள், பின்னால் பள்ளம். இரண்டையும் நேராக்கிக் குறி பார்க்கணும். பின்பக்கம் 2,000 கஜம் வரை எண்கள். எவ்வளவு தூரத்தில் குண்டு எவ்வளவு இறங்கும் என்று அசல் தொழிற்சாலை கணக்குப் போட்டுப் பொறித்தவை. பட்டறைக்காரர் எண்ணைக் காப்பியடிக்கலாம், கணக்கை எப்படி அடிப்பது? முள்ளுக்கும் பள்ளத்துக்கும் இடைவெளி சுமார் அரை மீட்டர்தான். பள்ளம் ஒரு மில்லிமீட்டர் விலகினால் 100 மீட்டரில் குண்டு 20 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். அங்கே நிற்பது யாரோ!

டெலஸ்கோப் மாட்டினால் சரியாயிடாதா என்பீர்கள். அதைப் பிடித்திருக்கும் பட்டறை கிளாம்ப் ஆடினால், தப்பான இடம் பெரிசாகத் தெரியும். அவ்வளவுதான்.