இருபதாயிரம் சுற்றும் ஒரு 'டப டப'வும்

பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்கப் போவார்கள். டச்சுக்காரன் கல்லறை பார்க்கப் போவார்கள். இறால் வறுவலுக்காகவே போகிறவர்களும் உண்டு. நான் போனது இஞ்சின் சத்தம் கேட்க!

சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். செங்குன்றம் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப் போரில் விமானம் இறங்கப் போட்ட ஓடுதளத்தில் 1950-களிலிருந்து கார் ரேஸ் நடந்த ஊர். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்ததும் இங்கே சத்தம் அடங்கிவிட்டது.

ரேஸ் கார் ஏன் அப்படி அலறுகிறது? பி.காம். பாஷையில் சொல்கிறேன். கடை சின்னது, பெரிதாக்க அனுமதி இல்லை. லாபம் வேண்டுமென்றால் சரக்கை வேக வேகமாகத் தள்ள வேண்டும். இஞ்சின் அளவுக்கு விதி உண்டு; எனவே நிமிடத்துக்கு அதிக தடவை சுற்ற விடுகிறார்கள்.

சுற்று ஏறினால் வால்வை மூடும் ஸ்பிரிங் திணறும். நேரத்துக்கு மூடாத வால்வைப் பிஸ்டன் வந்து இடிக்கும். அப்புறம் இஞ்சின் காயலான் கடைக்குத்தான்! 1986-ல் ரெனோ கம்பெனி ஃபார்முலா ஒன் காரில் ஸ்பிரிங்கையே தூக்கிவிட்டு, அழுத்திய காற்றை வைத்து வால்வை மூடியது. 2006-ல் காஸ்வொர்த்தின் 2.4 லிட்டர் இஞ்சின் 20,000 சுற்றைத் தொட்டது. விநாடிக்கு 333! மறு வருஷமே 19,000-க்கு மேல் கூடாது என்று கடிவாளம். 2009-ல் 18,000. 2014-ல் 15,000.

பழவேற்காட்டுப் படகுத்துறையில் ஒற்றை சிலிண்டர் டீசல் இஞ்சின்கள் 'டப டப' என்று பேசிக்கொண்டிருந்தன. மிஞ்சிப்போனால் மூவாயிரம் சுற்று. வலையை உதறிக்கொண்டிருந்தவரிடம் இருபதாயிரம் கதையை அவிழ்த்தேன்.

"அவ்ளோ சுத்துனா எத்தினி நாளு சார் உழைக்கும்?"

"2004-க்கு முன்னாடி ஒரே ரேஸுக்கு ரெண்டு, மூணு இஞ்சின்கூட மாத்துவாங்க அண்ணே."

சிரித்துவிட்டார். "நமக்கு லோனு கட்டி முடியிற வரைக்கும் ஒண்ணே ஓடணும். வேகமா சுத்துனா விசிறி தண்ணியத் தள்ளாது சார், நொரதான் வரும். ஏரியில ஆழமும் கெடையாது, சேத்துல மாட்டிக்கும்."

சற்று நிறுத்தி, கிழக்கே கை காட்டினார். "மொகத்துவாரத்துல ஒரு தபா நின்னுபோச்சி. அல படகத் திருப்பிடுச்சி. வல போச்சி. தம்பி நீந்தித்தான் கரைக்கு வந்தான். அன்னியிலேர்ந்து ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஃபில்டர கழட்டித் தொடைச்சிட்டுத்தான் படுப்பேன்."

ஹேண்டிலை மாட்டிச் சுழற்றினார். மூன்றாவது சுற்றில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. ஏறி உட்காராமல் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். திருப்தியான பிறகுதான் படகைத் தள்ளினார்.