ஹொசகோட்டையில் ஒரு காலை

பெங்களூரிலிருந்து பழைய மதராஸ் சாலை வழியே கிழக்கே சென்றால் ஹொசகோட்டை வரும். ஞாயிறு விடியுமுன் அவ்வூருக்கு வண்டிகள் விரைவது பிரியாணிக்காக. சென்ற மாதம் நாங்கள் மூன்று குடும்பத்தினர் புறப்பட்டதும் அதற்காகவே என்பதை ஒளிப்பானேன்?

உண்டபின் சிட்லகட்டா சாலையில் சென்று, இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வளாகத்தின் முன் நின்றோம். அனுமதி பெற்று வந்தோமில்லை. கண்டதெல்லாம் வாயிலும் மரங்களுமே. கொடைக்கானலில் 1899-இல் தோன்றிய வானாய்வு நிலையத்தின் வழிவந்த நிறுவனம் இது. 1970-களில் தலைமையகத்தைப் பெங்களூருக்கு மாற்றிக்கொண்டது, நம்மைப்போலக் குடிபெயர்ந்ததுதான்!

“இந்தக் கதவைப் பார்க்கவா வந்தோம், தாத்தா?” என்றான் சிறுவன் ஒருவன். எதிர்வெயிலுக்குக் கையைக் கண்மேல் பிடித்திருந்தான். “நீ இப்போது செய்வதை ஒரு கருவி செய்கிறது. அதை இங்கேதான் கட்டினார்கள்” என்றார் பெரியவர்.

சூரியனைச் சுற்றியுள்ள கொரோனா என்னும் ஒளிமண்டலம், சூரிய வட்டத்தின் ஒளியில் ஏறக்குறைய பத்து இலட்சத்தில் ஒரு பங்கே உடையது. முழுக் கிரகணத்தின் சில நிமிடங்களில் மட்டுமே அது கண்ணுக்குப் புலப்படும். தொலைநோக்கிக்குள் ஒரு தகட்டை வைத்துச் சூரியனை மறைத்தால் போதாதோ? போதாது. கண்ணாடியிலுள்ள ஒரு தூசி, ஒரு கீறல், ஒரு காற்றுக்குமிழி சிதறும் ஒளியே கொரோனாவை விழுங்கிவிடும். விளிம்பில் வளையும் ஒளி வேறு; வானமே சிதறும் ஒளி வேறு. பிரான்சு நாட்டின் பெர்னார் லியோ, குற்றமற்ற வில்லையைத் தேடியெடுத்து, விளிம்பொளியைத் தனித் தடுப்பால் அடக்கி, பீக் டு மிடி மலையுச்சிக்கு ஏறினார். 1930-இல் அங்கே கிரகணமின்றியே கொரோனாவைக் கண்டார்.

ஹொசகோட்டைக் கருவி மலையைவிட உயரம் சென்றது. தூசியற்ற அறையில் உருவான அது, ஆதித்யா எல்-1 விண்கலத்தில் 2023 செப்டம்பர் 2-ஆம் நாள் புறப்பட்டு, 2024 சனவரி 6-இல் சுமார் 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் சுற்றுப்பாதையை அடைந்தது. வானொளியின் தொல்லை அங்கில்லை. அதனுள் ஓர் ஆடியின் நடுவே துளையுண்டு. சூரிய வட்டத்தின் ஒளி அத்துளை வழியே நுழைந்து வெளியேற்றப்படுகிறது. மங்கிய கொரோனாவின் ஒளி மட்டும் ஆடியில் பட்டுத் திரும்பி உள்ளே செல்கிறது. கதவைத் திறந்து பெருவெள்ளத்தை வெளியே போக்கிவிட்டுத் துளிகளைச் சேமிப்பது போன்ற உபாயம்!

சிறுவன் உடனே கட்டைவிரலை உயர்த்திச் சூரியனை நோக்கினான். கண் கெடுமென்று பெரியவர் பதறித் தடுத்தார். அன்றிரவு மாடியில் தெருவிளக்கின்மேல் அதே விரலை வைத்துப் பார்த்தானாம். மூன்று விண்மீன்கள் கூடுதலாகத் தெரிந்தன. ஊர் வெளிச்சம் முழுவதையும் மறைக்க விரல் போதவில்லை என்று மறுநாள் எங்களிடம் முறையிட்டான்.